வைத்தியலிங்கத்துக்கும் சபாபதிக்கும் நடுவில்

செந்தில்,

நீ கேட்ட வம்சாவளியை எழுதி முடித்துவிட்டேன். தனித்தாளில் இதோடு வைத்திருக்கிறேன். அதைப் பிரிப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒரு தடவை முழுவதும் படித்துவிடு. போனில் சொல்லக்கூடியதுதானே, இதற்கு எதற்கு இத்தனை பக்கம் என்று உனக்குத் தோன்றும். போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் 'சரிப்பா, சரிப்பா' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது ஞாபகத்துக்கு வரும். எண்பது வயதுக்கு மேல் இந்தக் குணம் போகாது. காகிதத்தின் முன்னால் மட்டும் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு. இதைக்கூட முதலில் பென்சிலில் எழுதி, இரண்டு முறை திருத்தி, இப்போதுதான் பேனாவில் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன், தவறாக இருந்தால் சொல். "அப்பா, கீழத்தெரு களத்தை வாங்குறவரோட வக்கீல் வம்சாவளி கேக்குறாரு. தாத்தாவுக்கு மேல யாரு யாருன்னு நீங்கதான் எல்லாத்தையும் அடுக்கி வச்சிருப்பீங்களே, எழுதி அனுப்புங்க. பைபாஸ் வர்றதுக்குள்ள முடிச்சிடணும்." அங்கே ஒன்பது வீடு இருக்கிறதே என்று நான் இழுத்தேன். "அது ஆக்கிரமிப்புப்பா. ரெக்கார்டுலயே களம்னுதான் இருக்கு. நெல்லடிக்கிற எடத்துல வீடு கட்டிக்கிட்டா அது அவங்களுதாயிடுமா? அதை வக்கீல் பாத்துக்குவாரு." நான் 'சரிப்பா' என்றேன். தை மாதம் கயலின் கல்யாணம். உன் தலையில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன்மேல் குறை சொல்லவும் இதை எழுதவில்லை. அது களம் என்று உனக்குச் சொன்னது யார்? உன் பெரியப்பா. உன் பெரியப்பா அப்படிச் சொன்னபோது பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது யார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் வீட்டில் கல்யாணத்துக்கு முதல்நாள் முன்னோர்களுக்குப் படையல் போடுவோம். புதுத் துணி வைத்து, இலை போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். உன் கல்யாணத்துக்குக் கூப்பிட்ட பெயர்கள் உனக்கு நினைவிருக்கும். வைத்தியலிங்கம், சபாபதி, நடேசன், கலியபெருமாள். கலியபெருமாள் என் அப்பா. நடேசன் தாத்தா. சபாபதி அவருடைய அப்பா. வைத்தியலிங்கம்தான் கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்து வந்து நம் ஊரில் முதலில் நிலம் பிடித்தவர் என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. அவர் சபாபதியின் அப்பா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் இதில் கணக்குப் பார்க்கிற ஆள். வீட்டில் கிடைத்த பழைய ஜாதகக் குறிப்புகளை வைத்துப் பார்த்தால் வைத்தியலிங்கத்துக்கும் சபாபதிக்கும் இடையில் அறுபது வருஷத்துக்கு மேல் வருகிறது. நடுவில் ஒரு ஆள் குறைகிறார். வாலிபத்திலேயே இது எனக்குத் தெரியும். உன் பெரியப்பாவிடம் ஒரு முறை சொன்னேன். "செத்துப்போனவங்களை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கியே, உயிரோட இருக்கிற பசங்க பரீட்சைப் பேப்பரைத் திருத்து போ" என்றார். நான் போய்ப் பேப்பர் திருத்தினேன்.

குறைகிற அந்த ஆளின் பெயர் அருணாசலம். அந்தப் பெயரை நான் முதன்முதலில் படித்தது வீட்டிலிருந்த ஓர் ஓலைச்சுவடிக் கட்டில். அந்தக் கதையைச் சொல்லாமல் வம்சாவளியைச் சொல்ல முடியாது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. குத்தாலத்தில் பள்ளிக்கூட வேலை கிடைத்து இரண்டு வருஷம். ஆட்சி மாறி, கூலி விஷயமும் குத்தகை விஷயமும் தெருவுக்குத் தெரு கொதித்துக்கொண்டிருந்த காலம். நம் ஊரில் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். லாரிக்கு முன்னால் போலீஸ், வரப்பில் செங்கொடி. உன் பெரியப்பா கதர்த் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்று சட்டம் வந்தது. கீழத்தெருவில் முப்பது வீட்டுக்குப் பிரச்சினை இல்லாமல் பட்டா எழுதினார்கள். நம் பெயரில் இருந்த இடத்தில் நின்ற ஒன்பது வீட்டுக்கு மட்டும் உன் பெரியப்பா ஆட்சேபணை கொடுத்தார். அது மனை இல்லை, எங்கள் நெல்லடிக்கும் களம், புயல் அடித்த வருஷம் பாவம் பார்த்து ஒண்டவிட்டோம் என்று மனு.

விசாரணை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. இளம் வயது அதிகாரி ஒருவர் வாத்தியார் மேஜையில் உட்கார்ந்திருந்தார். உன் பெரியப்பாவுக்கு நாற்காலி. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். ஒன்பது வீட்டுக்காகப் பேச ஒரு பெரியவர் வந்தார். அவர் மகன் தங்கராசு அவருக்குப் பின்னால் நின்றார். என் வயதுதான்.

"பேரு?" என்றார் அதிகாரி.

"அருணாசலம்ங்க."

நம் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் நம்மவர்கள் வைத்துக்கொள்ளும் பெயரை அந்தத் தெருவில் வைத்தால் அது திமிர். "அருணான்னு எழுதிக்குங்க சார், ஊர்ல அப்படித்தான் கூப்பிடுறது" என்றார் உன் பெரியப்பா.

"அவர் சொன்னதைத்தான் நான் எழுத முடியும்" என்றார் அதிகாரி. பிறகு அந்தப் பெரியவரைப் பார்த்து, "பரம்பரையா இருக்கீங்கங்கிறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க. எங்ககிட்ட இல்லீங்க, அவங்க வூட்டு ஓலையில இருக்கு. எங்க பாட்டன் சொல்லிட்டுப் போனாரு." அவர் கை நீண்டது. என்னைக் காட்டினார். "வாத்தியாரய்யாவுக்கு அந்த எழுத்து வரும்ங்க. அவரைப் படிக்கச் சொல்லுங்க, போதும்."

செந்தில், நம் பக்கம் நிற்கும் ஒருவனை அவர் தன் சாட்சியாகக் கூப்பிட்டார். வாத்தியார் என்பதற்காக நம்பினார். அதிகாரி ஓலையைக் கொண்டுவரச் சொன்னார். உன் பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "எடுத்துட்டு வா தம்பி" என்றார், சாதாரணமாக. ஏனென்றால் அந்த ஓலையில் என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் முன்பே நான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார்: "ஓலையில இருக்கிறதையெல்லாம் படிக்கணும்னு சட்டமா என்ன?"

அது ஒரு பாகப்பிரிவினை ஓலை. ஊர்ப் பங்காளிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது எழுதியது. முதல் எட்டு வரியும் எல்லைகள்தான். வாய்க்காலுக்கு மேற்கு, மூங்கில் கொல்லைக்குத் தெற்கு என்று ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். ஒன்பதாவது வரிக்கு வந்ததும் நின்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தேன். உன் பெரியப்பா இருமினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த எல்லையைப் படித்தேன். கடைசியில் இருந்த கையெழுத்தையும் படிக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் அதிகாரி.

"அவ்வளவுதான் சார்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை, ஒரு வரியைப் படிக்கவில்லை, அவ்வளவே என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அந்த 'அவ்வளவுதான்' பொய். அதை ஒப்புக்கொள்ளவே எனக்கு இருபது வருஷம் பிடித்தது. ஒன்பது வீட்டு மனு தள்ளுபடியானது. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மா, அப்போதுதான் கல்யாணமாகி வந்தவள், "என்ன, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம் என்றேன். அவளிடமும் நான் கடைசி வரையில் சொல்லவில்லை.

அடுத்த ஆடிப்பெருக்கன்று உன் பெரியப்பா ஓலைக் கட்டை என் கையில் கொடுத்தார். "வீட்டுல வச்சா பூச்சிதான் சேரும். ஆத்துல விட்டுடு." பழைய ஓலைகளைப் பதினெட்டாம் பெருக்குத் தண்ணீரில் விடுவது நம் பக்கத்து வழக்கம்தான், பலரும் செய்வார்கள், அதனால் யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. பெண்கள் காதோலை கருகமணி விட்டுக்கொண்டிருந்த அதே படித்துறையில் விட்டேன். கட்டு போகவில்லை. படியில் முட்டிக்கொண்டு அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையால் தள்ளிவிட்டேன். ஆற்றின் மேல் பழி போட எனக்கு வழியில்லை.

ஆனால் என் குணம் உனக்குத் தெரியுமே. எதைப் படித்தாலும் ஒரு நகல் எடுத்து வைப்பேன். விசாரணைக்கு முன்பே அந்த ஓலையை வரி வரியாக ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதியிருந்தேன். விசாரணைக்குப் பிறகு ஒன்பதாவது வரியை அடித்துவிடலாம் என்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன். முடியவில்லை. அதிகாரி முன்னால் ஒரு வரியை விழுங்க முடிந்தவனுக்கு நகலில் ஒரு எழுத்தைக் குறைக்க மனம் வரவில்லை. அது நேர்மை இல்லை, வெறும் பழக்கம். எப்படியோ நோட்டு பிழைத்தது. அந்த வரியும் கடைசியில் இருந்த கையெழுத்தும் இவை:

"கீழத்தெருவில் குடியிருக்கிற பேர்களுடைய மனையும் கொல்லையும் நம்முடைய பாகத்தில் சேர்ந்ததல்ல. நமக்கு முந்தியே அவர்கள் அதில் இருக்கிறார்கள். நாமும் நம்முடைய சந்ததியும் அதைக் கேட்கப் பாத்தியமில்லை. அருணாசலம் கையெழுத்து."

இனி உன்னைப் பற்றிய ஒரு ஞாபகம். உனக்கு ஆறு வயதிருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். சைக்கிள் முன் கம்பியில் உன்னை உட்காரவைத்துக் கீழத்தெரு முனையைத் தாண்டும்போது சாயங்காலம். மற்ற வீடுகளில் விளக்கு எரிந்தது, அந்த ஒன்பதில் மட்டும் இல்லை. "அங்க மட்டும் ஏன்பா கரண்ட் இல்ல?" என்று கேட்டாய். "கம்பி இன்னும் வரலப்பா" என்றேன். கம்பி வீட்டு வாசலிலேயே போய்க்கொண்டிருந்தது. இணைப்புக்கு நிலச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும், உன் பெரியப்பா போடவில்லை. தங்கராசு அதற்குள் மின்சார வாரியத்தில் லைன்மேன் ஆகியிருந்தார். சுற்றுவட்டாரம் முழுக்கக் கம்பம் ஏறி வெளிச்சம் கொடுத்தவர் தன் வீட்டில் சிம்னி விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். உனக்கு நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வியை நீ சரியாகத்தான் கேட்டாய். உன் பெரியப்பா பிள்ளையில்லாமல் போய், தன் பாதியை உன் பேருக்கு எழுதிவைத்தபோது, நீ மறுபடியும் கேட்டிருக்க வேண்டும். நீ கேட்கும்படியாக நான் உன்னை வளர்க்கவில்லை.

இத்தனை வருஷம் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. அருணாசலம் யாரோ? கூலிக்கு ஓலை எழுதிக் கொடுத்தவனாக இருக்கலாம். அப்படியானால் அவன் எழுதிய வரி நம்மைக் கட்டாது. அவர் நம் ஆள்தான் என்றால் கட்டும். நீ வம்சாவளி கேட்டதும் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் ஒரு பெயரும் எழுதுவதில்லை என்று உட்கார்ந்தேன். ஜாதகக் குறிப்புகளில் அந்தப் பெயர் இல்லை. கல்யாணப் பத்திரிகைகளில் இல்லை. பிறகுதான் பாத்திரங்கள் ஞாபகத்துக்கு வந்தன. நம் வீட்டுப் பழைய பாத்திரம் எதிலும் பெயர் வெட்டாமல் விட்டதில்லை. எல்லாம் எடைக்குப் போய்விட்டது, ஒன்றைத் தவிர. உன் வீட்டு ஹாலில் மாலதி மணிபிளாண்ட் வைத்திருக்கும் செம்பு அண்டா.

கயலுக்கு வீடியோ கால் போட்டேன். "தாத்தா, கல்யாணப் புடவை பாக்கவா?" என்றாள். "இல்லம்மா, அந்த அண்டாவோட கழுத்தைப் பாரு, புள்ளி புள்ளியா எழுத்து இருக்கா?" என்றேன்.

"ஒரே கறுப்பா இருக்கு தாத்தா."

"புளி போட்டுத் தேய்ம்மா."

"அய்யோ தாத்தா, இது இன்டீரியர். அம்மா என்னைத் தேய்ச்சிடுவாங்க."

ஆனாலும் தேய்த்தாள். அரை மணியில் அவளே கூப்பிட்டாள். "அருணாசலம் கொமாரன் சபாபதின்னு இருக்கு தாத்தா. இவங்கல்லாம் யாரு?"

"நம்ம ஆளுங்கம்மா" என்றேன். வெளி ஆள் போல் நிறுத்தி வைத்திருந்தவரை அப்போதுதான் முதன்முதலாக நம்ம ஆள் என்று சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னை நானே நம்பாத ஆள் ஆகையால் தஞ்சாவூருக்குப் போனேன், பழைய நிலப் பதிவேடுகள் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு. மனுப் போட்டு, நான்கு நாள் பஸ்ஸில் போய் வந்தேன். அங்கிருந்த பெண், "மெதுவாத் திருப்புங்க அய்யா, தொட்டா உதிருது" என்று ஒவ்வொரு தாளையும் தானே திருப்பினாள். முதல் அளவையின்போது எழுதிய பதிவேட்டில் அந்த இடத்துக்கு நேரே 'சேரி நத்தம்' என்று இருக்கிறது. நத்தம் என்றால் குடியிருப்பு நிலம். பக்கத்தில் சிறிய எழுத்தில், அருணாசலம் வாக்குமூலப்படி. ஒரு தலைமுறை கழித்து எழுதிய அடுத்த பதிவேட்டில் அதே இடம் 'களம், சபாபதி'. நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத மாட்டேன். அப்பாவின் வாக்குமூலம் அழிந்தது மகன் காலத்தில். நாம் படையலில் கூப்பிடும் பெயர் மகனுடையது, விட்டுப்போன பெயர் அப்பாவுடையது. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பதிவுகளின் நகலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தங்கராசு வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார். வழி தெரிஞ்சுதா? உங்க பழைய வூட்டுலேருந்து இருநூறு அடிதான். பஸ்ஸு ரெண்டு மாறி வந்தீங்களோ?"

நான் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். அவர் மனைவி செல்வி டீ கொண்டுவந்தார். "குடிங்க சார், எங்க வூட்டு டீ குடிச்சு இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல" என்றார் தங்கராசு. குடித்தேன். பிறகு, நோட்டைப் பிரிக்காமலே, ஒன்று கேட்டேன். "உங்க அப்பாவுக்கு அருணாசலம்னு பேரு வச்சது யாருங்க?"

"அவரோட தாத்தா பேரு சார் அது. அந்தத் தாத்தாவுக்கு அவங்கப்பன் வச்சது. என் பையனுக்கும் அதான், ஆபீஸ்ல அருணுன்னு கூப்பிடுறானுவொ." தன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டார். "எதுக்கு வச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா சார்? அளக்க வந்த தொரைகிட்ட, இது அவங்க மனை, எங்களுது இல்லன்னு ஒத்த ஆளு சொன்னாரு. மத்த பங்காளியெல்லாம் மொறைச்சிக்கிட்டு நின்னானுவொ. அந்த ஆளு பேரு. அவரு உங்க ஆளுன்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா யாரும் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? உங்ககிட்டயா?" டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நான் எங்கப்பன் பின்னாலதான் நின்னேன். நீங்க படிக்கப் படிக்க அவரு கையைக் கட்டிக்கிட்டு, இப்ப அந்தப் பேரு வரும், இப்ப வரும்னு காத்துக்கிட்டிருந்தாரு. நீங்க கண்ணாடியைத் தொடச்சீங்க. வெளில வந்ததும் என்கிட்ட கேட்டாரு, 'ஏண்டா, வாத்தியாருக்குக் கண்ணு தெரியலியோ'ன்னு. சாவுற வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. எனக்குத் தெரியும் சார், உங்களுக்குக் கண்ணு நல்லா தெரியும்னு."

நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அதெல்லாம் வேணாம் சார். அதை வச்சு நான் என்ன செய்யட்டும்? அன்னிக்குப் படிச்சதை முழுசாப் படிங்க. அவ்வளவுதான்."

ஆகவே, செந்தில், நான் முடிவு செய்துவிட்டேன். இந்த வார்த்தையை என் கையால் எழுதுவதே எனக்குப் புதிதாக இருக்கிறது. களம் என்று இருப்பது தவறு, நத்தம் என்று திருத்தி, குடியிருக்கும் ஒன்பது குடும்பத்தின் பெயரில் பட்டா கொடுக்க வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறேன். பத்திரம் எழுதுபவர், "தானமா எழுதிக் கொடுத்தா சுலபம் சார், உங்களுக்கும் பேரு" என்றார். தானம் என்ற சொல் எங்கும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நம்முடையதாக இருந்தால்தானே கொடுப்பதற்கு. கார்த்திகை பிறந்து இரண்டாவது திங்கட்கிழமை மயிலாடுதுறையில் விசாரணை. பிரிக்காத சொத்து, பாதி உன் பெயரில் இருக்கிறது. என் கையெழுத்து மட்டும் போதாது, வழக்காகி இன்னும் பத்து வருஷம் இழுக்கும், தங்கராசுக்கும் எனக்கும் அவ்வளவு காலம் இல்லை. சம்மதப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் இடத்தில் நான் கையெழுத்திட்டுவிட்டேன், பக்கத்தில் உனக்கு இடம் இருக்கிறது. நீ போடாவிட்டாலும் நான் போவேன். நீ வேறொருவருக்கு விற்கப் போனால் அங்கேயும் வந்து இதே நோட்டைப் படிப்பேன். அப்பா பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்வது அசிங்கம்தான். அதற்குப் பயந்து அண்ணனுக்கு எதிராகச் சொல்லாமல் விட்டவன் நான். அதன் பலனைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பாய், நியாயம். நான் குடியிருக்கும் குத்தாலம் வீடு என் சம்பாத்தியம், அதில் யாருக்கும் வில்லங்கம் இல்லை. அதை விற்றுக்கொள். தெரிந்த இடத்தில் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறேன். மாடிப்படி இல்லை, பஸ் நிலையமும் பக்கம். இதில் நீ என்னோடு தர்க்கம் பண்ண வேண்டாம், போனில் பண்ணினால் நான் தோற்றுவிடுவேன், ஆகவே எடுக்க மாட்டேன். உனக்குப் புத்திமதி சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே, இந்தப் படிவத்திலும்கூட. அடுத்தவர் படித்துச் சொன்னதை வைத்துப் போடாதே. படிப்பவன் வாத்தியாராக இருந்தாலும், உன் அப்பாவாகவே இருந்தாலும் நீயே ஒரு தடவை படித்துப் பார்.

தையில் கயலுக்காகப் படையல் போடுவோம். வைத்தியலிங்கம் என்று கூப்பிட்ட பிறகு அருணாசலம் என்று கூப்பிட வேண்டும், அதற்குப் பிறகுதான் சபாபதி. நீதான் கூப்பிட வேண்டும், வழக்கம் அப்படி. ஒன்பது வீட்டை இடித்த பணத்தில் புதுத் துணி எடுத்து வைத்து அந்தப் பெயரை உன்னால் உரக்கச் சொல்ல முடியுமா என்று நீயே யோசித்துக்கொள். தங்கராசுவையும் கூப்பிட்டிருக்கிறேன். "பாக்கலாம் சார், மொதல்ல திங்கட்கிழமை வரட்டும்" என்றார்.

தினமும் காலையில் அந்த நோட்டை எடுத்து உரக்கப் படித்துப் பழகுகிறேன். ஒன்பதாவது வரி வரும்போது குரல் இன்னும் நடுங்குகிறது. நேற்று முதல் தடவையாக நிற்காமல் தாண்டினேன், கையெழுத்து வரைக்கும் போனேன். திங்கட்கிழமை அதிகாரி கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார்: "அவ்வளவுதானா?" அவ்வளவுதான் என்று சொல்வேன். இந்தத் தடவை அது உண்மையாக இருக்கும். நீ வந்தால் எனக்குப் பின்னால் நிற்காதே, பக்கத்தில் நில்.

இதை எழுதி, மறுபடி முழுவதும் படித்துப் பார்த்து, ஒரு வரியும் விடாமல் கையெழுத்திட்டிருப்பவன்,

உன் அப்பா